பீட்டர் ஸ்கைலர்: ஆல்பனியின் ரோமத்தோல் வணிகர், முதல் மேயர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீட்டர் ஸ்கைலர் யார்?

1657 செப்டம்பர் 17 அன்று, ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த பெவர்வைக் என்ற டச்சுக் குடியேற்றத்தில் பிறந்தவர். 1664-இல் ஆங்கிலேயர் அந்தப் பகுதியைக் கைப்பற்றியபின் ஊருக்கு ஆல்பனி என்று பெயர் வந்தது. இன்று அதுதான் நியூயார்க் மாநிலத்தின் தலைநகர். அப்பா பிலிப் பீட்டர்சே ஸ்கைலர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த வணிகர். அம்மா மார்கரீட்டா, ரென்சலர்ஸ்வைக் என்ற பெரிய பண்ணை நிலத்தை நிர்வகித்த பிராண்ட் வான் ஸ்லிக்டன்ஹோர்ஸ்டின் மகள். பீட்டர் அப்பாவின் தொழிலுக்கே வந்தார். 1686-இல் ஆல்பனி நகராட்சி ஆனபோது முதல் மேயர் ஆனார். 1694 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1724 பிப்ரவரி 19 அன்று காலமானார்.

தோல் வணிகர், மேயர், படைத்தலைவர், அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மோஹாக் மக்களோடு பேசித் தீர்ப்பவர் என்று நான்கு வேலைகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுவது வழக்கம். பிரித்துப் பார்த்தால் எதுவும் புரியாது. தோல் வரவேண்டுமானால் மோஹாக் மக்களின் நட்பு வேண்டும். நட்பு நிலைக்க வேண்டுமானால் போரில் கூட நிற்க வேண்டும். வந்த தோல் வேறு ஊருக்குப் போகாமலிருக்க நகர அதிகாரம் கையில் வேண்டும். மற்ற மூன்று வேலைகளும் முதல் வேலையிலிருந்து வந்தவைதான்.

அமெரிக்கப் புரட்சிப் போரின் ஜெனரல் ஸ்கைலர் இவர்தானா?

இல்லை. ஜெனரல் பிலிப் ஸ்கைலர் (1733–1804), பீட்டரின் தம்பி யோஹானஸின் பேரன். அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனை மணந்த எலிசபெத், அந்த ஜெனரலின் மகள். யோஹானஸும் 1703 முதல் 1706 வரை ஆல்பனி மேயராக இருந்ததால் குழப்பம் கூடுகிறது. நியூஜெர்சியில் இன்னொரு கர்னல் பீட்டர் ஸ்கைலர் உண்டு. அவர் இன்னொரு தம்பி ஆரன்ட்டின் மகன், ஒரு தலைமுறை பிந்தியவர். பழைய ஆவணங்களில் நம்மவரை அடையாளம் காண எளிய வழி, நடுவில் ‘பிலிப்சே’ (பிலிப்பின் மகன்) என்று இருக்கிறதா என்று பார்ப்பது.

என்ன தோல் வியாபாரம் செய்தார்கள்? ஏன் பீவர்?

நீர்நாய், மார்ட்டன், கரடி, மான் தோல்கள் எல்லாம் வந்தன. ஆனால் கணக்கு எழுதப்பட்டது பீவர் (ஆற்றில் அணை கட்டி வாழும் பெரிய கொறிவிலங்கு) தோலில்தான். ஐரோப்பாவில் அதைப் போர்த்திக்கொள்ளவில்லை. மயிரை மட்டும் எடுத்துத் தொப்பி செய்தார்கள். பீவருக்கு இரண்டு அடுக்கு மயிர்: வெளியே நீண்ட முரட்டு மயிர், உள்ளே குட்டையான பஞ்சு மயிர். உள்மயிரின் நுனிகளில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. ஈரமும் சூடும் அழுத்தமும் கொடுத்தால் அவை ஒன்றோடொன்று பின்னி, மழைக்கும் உருக்குலையாத தடித்த கம்பளமாகிவிடும். ஆட்டு ரோமத்தில் செய்த தொப்பிக்கு அந்த உறுதி வராது.

தோலில் இரண்டு தரம். உரித்து, நீட்டிக் கட்டி, அப்படியே காயவைத்தது ‘காய்ந்த தோல்’. அதில் முரட்டு மயிர் ஒட்டிக்கொண்டிருக்கும்; நீக்குவது பெரும்பாடு. அந்தக் கைவேலை ரஷ்யாவில்தான் நன்றாகத் தெரியும் என்பதால் டச்சு வணிகர்கள் ஆர்க்கேஞ்சல் துறைமுகம்வரை தோலை அனுப்பி, சீவிய மயிரைத் திரும்ப வாங்கினார்கள்.

இன்னொன்று ‘உடுத்திய தோல்’. பூர்வகுடிகள் 5 முதல் 8 தோல்களைச் சதுரமாக வெட்டி, உட்புறத்தைச் சுரண்டி, எலும்பு மஜ்ஜை தேய்த்துப் பதமாக்கி, நரம்பால் தைத்துப் போர்வையாக்குவார்கள். மயிர்ப்பக்கம் உடம்பில் படும்படி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு உடுத்துவார்கள். வியர்வையும் உராய்வும் சேர்ந்து முரட்டு மயிர் தானாக உதிர்ந்துவிடும். பழைய போர்வை புதுத்தோலைவிட விலை உயர்ந்த விநோதம் அப்படித்தான் வந்தது.

தோல் எதனால் கெட்டுப்போகும்?

வேட்டைக் காலம் தப்பினால் முதலிலேயே மதிப்பு போய்விடும். கடுங்குளிரில் பிடித்த பீவருக்குத்தான் உள்மயிர் அடர்த்தி; கோடையில் பிடித்தது மெலிந்து கிடக்கும். சரியாகக் காயாத தோலைக் கட்டிவைத்தால் கப்பலின் அடித்தளத்தில் புழுங்கி மயிர் கழன்றுவிடும். கிடங்கில் அந்துப்பூச்சி. இதெல்லாம் தெரிந்த வணிகருக்கு, தோலை வாங்கும்போதே மயிரை எதிர்த்திசையில் ஊதிப் பார்ப்பதும் உட்புறத்தை விரலால் தட்டிப் பார்ப்பதும் தொழிலின் அரிச்சுவடி.

ஆண்டு முழுவதும் வியாபாரம் நடந்ததா?

கிடையாது. குளிர்காலம் முழுக்க வேட்டை. பனி உருகியபின் வேட்டையாடியவர்கள் மோஹாக் ஆற்றில் படகு ஏறி வருவார்கள். கோஹோஸ் அருவி வழியை மறிப்பதால் ஸ்கெனெக்டடியில் இறங்கி, சுமார் 25 கிலோமீட்டர் பைன் காட்டு வழியாகச் சுமந்து ஆல்பனி வருவார்கள். டச்சு ஆட்சியில் மே 1 முதல் நவம்பர் 1 வரை வியாபாரப் பருவம் என்று வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் வந்த பிறகும் கோடைதான் பருவம்.

தோல் ஒற்றைப் பாய்மரத் தோணியில் ஹட்சன் வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர் கீழே நியூயார்க் துறைமுகத்துக்குப் போகும், அங்கிருந்து லண்டனுக்கு. குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் ஆல்பனி மாதக்கணக்கில் அடைபட்ட ஊர். இலையுதிர் காலத்துக்குள் அடுத்த ஆண்டுக்கான துணியும் வெடிமருந்தும் வந்து சேரவில்லையென்றால், வசந்தத்தில் தோலோடு வருகிறவருக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. அவர் வடக்கே பிரெஞ்சுக் கனடாவில் இருந்த மான்ட்ரியால் பக்கம் திரும்பிவிடுவார். எல்லாமே கடனில் ஓடியது: லண்டன் வணிகர் நியூயார்க் வணிகருக்கு, அவர் ஆல்பனி வணிகருக்கு, இவர் வேட்டையாடுபவருக்கு. ஒரு பருவம் பொய்த்தால் சங்கிலி முழுக்க இழுபடும்.

தோலுக்குப் பதிலாக என்ன கொடுத்தார்கள்? விலை என்ன?

கம்பளித் துணி, போர்வை, பித்தளைப் பானை, கோடரி, கத்தி, துப்பாக்கி, வெடிமருந்து, ஈயம், ரம். ஆல்பனி விலையையும் மான்ட்ரியால் விலையையும் ஒப்பிட்ட 1689-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒரு துப்பாக்கி ஆல்பனியில் 2 பீவர், மான்ட்ரியாலில் 5. எட்டு ராத்தல் வெடிமருந்து ஆல்பனியில் 1, மான்ட்ரியாலில் 4. நாற்பது ராத்தல் ஈயம் 1-க்கு 3. சிவப்புப் போர்வை 1-க்கு 2. நான்கு சட்டை 1-க்கு 2, ஆறு ஜோடி காலுறையும் தனியே அதே 1-க்கு 2.

இந்த வித்தியாசத்துக்கு ஆல்பனிக்காரரின் தாராள மனசு காரணமல்ல. ஆங்கிலேயக் கம்பளித் துணி மலிவு, மேற்கிந்தியத் தீவுகளின் ரம் மலிவு. பிரெஞ்சுப் பக்கத்திலோ பீவர் ஏற்றுமதி ஏகபோகம், அதன்மேல் வரி. அதனால்தான் பிரெஞ்சுக்காரர்களே மான்ட்ரியாலிலிருந்து கள்ளத்தனமாக ஆல்பனிக்குத் தோல் அனுப்பித் துணி வாங்கினார்கள். நடுவில் சுமந்தவர்கள் மான்ட்ரியால் அருகே குடியேறியிருந்த காஹ்னவாகே மோஹாக்குகள். இரு அரசுகளும் போரில் இருந்தபோதும் இந்தச் சந்து மூடப்படவில்லை.

வாம்பம் என்பது பணமா?

சிப்பி, சங்கு ஓடுகளில் செய்த உருளை மணிகள். வெள்ளை ஒன்று, கருஊதா ஒன்று. டச்சுக்காரர்கள் நாணயத் தட்டுப்பாட்டில் அதைச் சில்லறையாகப் பயன்படுத்தினார்கள். 1650-இல் நல்ல மணிக்கு ஒரு ஸ்டைவருக்கு (டச்சுச் சிறு நாணயம்) வெள்ளை 6, கருஊதா 3 என்று கணக்கு. கோக்காத, உடைந்த மணிகள் சந்தையில் குவிந்ததும் மதிப்பு சரிந்தது. மோஹாக் உட்பட ஐந்து இனங்களின் கூட்டமைப்பான இரோக்வா மக்களுக்கு அது பணமல்ல. சொன்ன சொல்லுக்குச் சாட்சி. பட்டையாகக் கோத்த வாம்பம் இல்லாமல் அனுப்பிய தூதுக்கு அவர்களிடம் மதிப்பே கிடையாது. இது தெரியாமல் வாய்வார்த்தையாக ஆள் அனுப்பிய ஆளுநர்கள் பதில் வராமல் காத்துக் கிடந்தார்கள். ஸ்கைலருக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஆல்பனி எப்படி நகராட்சி ஆனது?

ஸ்கைலரும் ராபர்ட் லிவிங்ஸ்டனும் நியூயார்க் போய் ஆளுநர் தாமஸ் டோங்கனிடம் சாசனம் வாங்கி வந்தார்கள். தேதி 1686 ஜூலை 22. லிவிங்ஸ்டன் ஸ்கைலரின் அக்கா அலைடாவை மணந்தவர். மச்சான்மார் இருவரும் போய், ஒருவர் மேயராகவும் மற்றவர் நகர எழுத்தராகவும் திரும்பினார்கள். சாசனத்துக்காக டோங்கனுக்கு நகரம் ஒப்புக்கொண்ட தொகை 300 பவுண்டு.

எல்லை ஒரு மைல் அகலம். ஆற்றிலிருந்து வடமேற்கே 16 மைல் நீளம். வரைபடத்தில் பார்த்தால் ரிப்பன் மாதிரி இருக்கும். மூன்று வார்டுகள், ஆறு ஆல்டர்மேன்கள் (மூத்த நகரசபை உறுப்பினர்கள்), ஆறு உதவி உறுப்பினர்கள். வார்டுக்காரர்கள் ஆண்டுதோறும் செப்டம்பர் 29 அன்று தேர்ந்தெடுப்பார்கள். மேயரை மட்டும் ஆளுநர் நியமிப்பார்.

சாசனத்தின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது: நகரத்துக்குக் கிழக்கிலும் வடக்கிலும் மேற்கிலும் பூர்வகுடிகளோடு வியாபாரம் செய்யும் உரிமை ஆல்பனிக்கு மட்டுமே. பக்கத்து ஊரான ஸ்கெனெக்டடிக்காரர் தன் வாசலில் வந்து நிற்கும் தோலைத் தொட முடியாது. 300 பவுண்டு எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான். நகராட்சி அமைப்பெல்லாம் அந்த உரிமத்தைச் சுற்றிய உறை.

ஒரு கொசுறு: அடுத்த ஆண்டு, 1687 டிசம்பரில், அதே இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் ஆட்சியில் சென்னைக்கும் மாநகராட்சிச் சாசனம் தரப்பட்டது. சென்னையின் முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன், அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றத்தில் பிறந்தவர்.

மேயரின் அன்றாட வேலை என்ன?

பெரும்பகுதி நீதிமன்ற வேலை. மேயரும் ஆல்டர்மேன்களும் உட்கார்ந்து கடன் வழக்கு, அடிதடி, வேலிச் சண்டை விசாரிப்பார்கள். மரச்சுவர் பழுதுபார்ப்பு, இரவுக் காவல், ரொட்டி எடை, தீத்தடுப்புக்கு ஏணி, புகைபோக்கிச் சோதனை எல்லாம் இவர்கள் பொறுப்பு.

வியாபார விதிகளை மீறியவரைப் பிடிப்பதுதான் தலைவலி. தோலோடு வருகிறவரை ஊருக்கு வெளியே காட்டில் மறித்து வாங்கக்கூடாது. வீட்டுக்குள் தங்கவைக்கக்கூடாது, அவர்களுக்கென மதிலுக்கு வெளியே கொட்டகைகள் உண்டு. தரகர் அனுப்பி இழுக்கக்கூடாது. ஏட்டில் இருந்த இந்த விதிகளை மீறியவர்களில் பலர் விதி போட்ட குடும்பங்களின் பிள்ளைகளே. ரம்மில் தண்ணீர் கலப்பது, எடைக்கல்லில் குறைப்பது, குடிக்கவைத்துத் தோலைப் பறிப்பது என்று மோஹாக் தலைவர்கள் சபைகளில் அடுக்கிய புகார்கள் எழுத்தில் இருக்கின்றன.

வியாபாரம் அப்போது செழிப்பாக இருந்ததா?

சரிந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் ஆண்டுக்கு 35,000 முதல் 40,000 பீவர் இங்கிலாந்துக்குப் போகும், இவ்வாண்டு 9,000 சொச்சம்தான் என்று டோங்கன் 1687-இல் எழுதினார். பக்கத்துக் காடுகளில் பீவர் தீர்ந்துவிட்டது. மேற்கே பெரிய ஏரிகளுக்கு அப்பாலிருந்து வரும் தோலைப் பிரெஞ்சுக்காரர் மடக்கினார்கள். ஸ்கைலர் காலத்துச் சண்டைகளின் பின்னணி இந்தப் பற்றாக்குறைதான்.

லைஸ்லர் கலகத்தில் எந்தப் பக்கம்?

1689-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மன்னர் பதவி இழந்த செய்தி வந்ததும், நியூயார்க்கில் ஜேக்கப் லைஸ்லர் ஆட்சியைப் பிடித்தார். ஆல்பனி தலைவர்கள் தனியாக ஒரு மன்றம் கூட்டி, புதிய மன்னருக்கு விசுவாசம், லைஸ்லருக்குக் கீழ்ப்படிய முடியாது என்றார்கள். நவம்பரில் லைஸ்லரின் ஆள் ஜேக்கப் மில்போர்ன் படையோடு வந்து கோட்டையைக் கேட்டார். உள்ளே ஸ்கைலர். மேட்டில் நின்ற மோஹாக் வீரர்கள், கோட்டையைத் தொட்டால் சுடுவோம் என்று துப்பாக்கியில் மருந்து திணித்ததும் மில்போர்ன் திரும்பிப் போனார். ஸ்கைலரின் செல்வாக்கு எதில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது.

ஆனாலும் அந்தப் பிளவுக்கு விலை கொடுத்தது ஸ்கெனெக்டடி. 1690 பிப்ரவரி 8 இரவு பிரெஞ்சுக்காரரும் அவர்களுடைய பூர்வகுடிக் கூட்டாளிகளுமாகச் சுமார் 200 பேர் திறந்துகிடந்த வாயில் வழியாக நுழைந்து 60 பேரைக் கொன்றார்கள். இரு கட்சிகளாகப் பிளந்து கிடந்த ஊரில் ஒழுங்கான காவல் இல்லை. காயத்தோடு குதிரையேறிய சைமன் ஸ்கெர்மர்ஹார்ன் விடியுமுன் ஆல்பனிக்குச் செய்தி கொண்டுவந்தார். அதன்பிறகு ஆல்பனி வேறு வழியின்றி லைஸ்லருக்கு இணங்கியது. 1691 மே மாதம் லைஸ்லர் தூக்கிலிடப்பட்டார்; ஸ்கைலர் மேயராகத் தொடர்ந்தார்.

போரில் நேரடியாக ஈடுபட்டாரா?

ஆம். 1691 ஆகஸ்டில் குடியேறிகள் சுமார் 120 பேர், மோஹாக்குகளும் மஹிக்கன் என்ற இன்னொரு பூர்வகுடி இனத்தாருமாகச் சுமார் 150 பேர் என ஒரு படையோடு ஷாம்ப்ளேன் ஏரி வழியே வடக்கே போய், மான்ட்ரியாலுக்கு எதிர்க்கரையில் இருந்த லா பிரெய்ரியை விடியற்காலையில் தாக்கினார். திரும்பும் வழியில் வால்ரென் தலைமையில் ஒரு பிரெஞ்சுப் படை மறிக்க, கைகலப்பாகக் கடும் சண்டை நடந்தது. எதிரி இழப்பை அவர் கூட்டியே எழுதினார். அந்தக் காலத்துத் தளபதிகள் எல்லோரும் செய்ததுதான். நிலம் எதுவும் கைமாறவில்லை. ஆனால் ஆல்பனிக்காரர்கள் மோஹாக்குகளோடு தோளுரசிச் சண்டை போடுவார்கள் என்பது நிரூபணமானது. 1693 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர் மோஹாக் ஊர்களை எரித்துச் சிறைபிடித்துப் போனபோதும் துரத்திப் போனவர் இவர்தான்.

இந்தப் போரில் அதிகம் இழந்தவர்கள் கூட்டாளிகள். ஐந்து இன இரோக்வாக் கூட்டமைப்பின் போர்வீரர் எண்ணிக்கை 1689-இல் 2,550, 1698-இல் 1,230. அதில் மோஹாக் வீரர்கள் 270-இலிருந்து 110 ஆனார்கள்.

பூர்வகுடிகளோடு ஆல்பனியில் நடந்த சபை எப்படி இருக்கும்?

முதலில் வாம்பத்தோடு அழைப்பு போகும். வந்தவர்களுக்கு உணவும் தங்குமிடமும் நகரத்தின் பொறுப்பு. கடந்த சந்திப்புக்குப்பின் இறந்தவர்களுக்குத் துக்கம் கேட்காமல் பேச்சு தொடங்காது. அவசரப்பட்டு நேரே விஷயத்துக்கு வருவது அவமரியாதை. பிறகு ஆங்கிலேயர் தங்கள் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டையோ பரிசோ வைப்பார்கள். பதில் அன்றே வராது. மறுநாளோ அதற்கும் பிறகோ, சொன்னதையெல்லாம் வரிசை பிசகாமல் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் பதில் தருவார்கள். கடைசியில் வெடிமருந்து, ஈயம், துணி, ரம் என்று பரிசுகள்.

மொழிபெயர்ப்பு இரண்டு கட்டம். மோஹாக் தாய்க்கும் டச்சுத் தந்தைக்கும் பிறந்த ஹில்லட்டி வான் ஒலிண்டா போன்றவர்கள் டச்சில் சொல்ல, ரோட்டர்டாமில் வளர்ந்த லிவிங்ஸ்டன் ஆங்கிலத்தில் எழுதுவார். இன்று நம் கைக்கு வந்திருக்கும் ‘மோஹாக் தலைவர் சொன்னது’ இரண்டு வடிகட்டி தாண்டியது. மோஹாக் மொழியில் உதடு ஒட்டும் ஒலிகள் இல்லாததால் பீட்டரை அவர்கள் ‘குயிடர்’ என்றார்கள்.

1710-இல் லண்டனுக்கு அழைத்துப்போன ‘நான்கு மன்னர்கள்’ உண்மையில் மன்னர்களா?

இல்லை. மூவர் மோஹாக், ஒருவர் மஹிக்கன். ஐந்தாவதாகப் புறப்பட்டவர் பயணத்திலேயே இறந்தார். கனடாமீது படையெடுக்க அரசியிடம் கப்பல் கேட்பதுதான் நோக்கம் என்பதால், தூதுவர்களுக்கு ‘மன்னர்’ பட்டம் சூட்டினால் எடுபடும் என்று கணக்குப் போட்டார்கள். எடுபட்டது. ஏப்ரல் 19 அன்று ஆன் அரசி வரவேற்றார். ஜான் வெரல்ஸ்ட் நால்வரையும் வரைந்தார். நாடகக் கொட்டகையில் கூட்டம், மன்னர்கள் முகம் தெரியவில்லை என்று கூச்சலிட, மேடையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

கேட்ட படை 1711-இல் வந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் ஆகஸ்ட் இரவொன்றில் கப்பல்கள் பாறையில் மோதி நூற்றுக்கணக்கானோர் மூழ்கினார்கள். தரைவழியே போன படை சண்டை போடாமலேயே திரும்பியது. மிஞ்சியது மோஹாக் நாட்டில் ஹன்டர் கோட்டையும் அரசி அனுப்பிய தேவாலய வெள்ளிப் பாத்திரங்களும்.

நில விவகாரங்களில் கை சுத்தமா?

முழுக்க என்று சொல்ல முடியாது. 1684-இன் சரடோகா நிலப் பட்டாவில் ஏழு பங்காளிகளில் ஒருவர். 1697-இல் பாதிரியார் காட்ஃபிரி டெல்லியஸ் முதலானோரோடு மோஹாக் பள்ளத்தாக்கில் பெரும் நிலத்தை எழுதி வாங்கினார். நிலத்தைப் பாதுகாத்துத் தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று மோஹாக்குகள் கொதித்தார்கள். ஸ்கைலர் தன் பங்கை விட்டுக்கொடுத்தார்; 1699-இல் பட்டா ரத்தானது. விட்டுக்கொடுத்ததைப் பாராட்டுகிறவர்கள், முதலில் கையெழுத்திட்டதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆளுநராகவும் இருந்தாரா?

நியூயார்க் ஆளுநர் ராபர்ட் ஹன்டர் 1719 ஜூலையில் இங்கிலாந்து திரும்பியதிலிருந்து 1720 செப்டம்பரில் வில்லியம் பர்னெட் வரும்வரை தற்காலிக ஆளுநர். பர்னெட் வந்ததும் இவரை ஆளுநர் சபையிலிருந்து நீக்கினார். ஆல்பனி–மான்ட்ரியால் துணி வியாபாரத்தையும் அதே 1720-இல் சட்டம் போட்டுத் தடுத்தார். அந்த வியாபாரத்தில் கைநனைத்த ஆல்பனிக் குடும்பங்களுக்கு எது அதிகம் வலித்தது என்று ஊகிப்பது கடினமல்ல.

குடும்பம்? அடிமைகள் இருந்தார்களா?

1681-இல் எங்கெல்டி வான் ஸ்கைக்கை மணந்தார். அவர் 1689-இல் இறந்தார். 1691-இல் மரியா வான் ரென்சலரை மணந்தார். இரண்டுமே தோலும் நிலமும் வைத்திருந்த பெரிய குடும்பங்கள்.

ஸ்கைலர் குடும்பம் அடிமைகளை வைத்திருந்தது; ஆல்பனியில் வசதியான வணிகர் வீடுகளில் அது சாதாரணம். ஆல்பனிக்கு வடக்கே அப்பா 1672-இல் வாங்கிய ‘ஃப்ளாட்ஸ்’ பண்ணையை ஒட்டி, 2005-இல் சாக்கடைக் குழாய்க்குத் தோண்டும்போது குறியீடு ஏதுமில்லாத கல்லறைகள் வெளிப்பட்டன. 14 பேரின் எலும்புகள் ஆராயப்பட்டு, 2016-இல் செயின்ட் ஆக்னஸ் கல்லறைத் தோட்டத்தில் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. அவர்கள் பல தலைமுறைகளில் அங்கே உழைத்த ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் என்று கருதப்படுகிறார்கள்.

நேரில் பார்க்க என்ன இருக்கிறது?

ஃப்ளாட்ஸ் வீடு 1962-இல் தீக்கிரையானது. அந்த இடம் இன்று பூங்கா. வீட்டின் அடித்தளக் கோடு தரையில் காட்டப்பட்டிருக்கிறது. ஆல்பனி நகருக்குள் இருக்கும் ஸ்கைலர் மாளிகை பீட்டருடையதல்ல, ஜெனரல் பிலிப்புடையது. அவசரமாக வருகிறவர்கள் அங்கே போய் முதல் மேயரைத் தேடுகிறார்கள்.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதிகள் கிடைக்கின்றனவே?

ஆங்கிலேயக் குடியேற்றங்கள் 1752 வரை பழைய நாட்காட்டியைப் பின்பற்றின. பிரெஞ்சுக் கனடா புதியதை. 1600-களில் பத்து நாள் வித்தியாசம், 1700 பிப்ரவரிக்குப்பின் பதினொரு நாள். தவிர, ஆங்கிலேயக் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25. அதனால் ஸ்கெனெக்டடித் தாக்குதல் 1689 பிப்ரவரி என்றும், ஸ்கைலரின் மரணம் 1723 பிப்ரவரி என்றும் பழைய ஏடுகளில் இருக்கும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையிலான தேதி கிடைத்தால் ‘1723/24’ என்று இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வம்சாவளிப் பட்டியல்களில் குழந்தை, பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே பிறந்துவிடும் விபத்துகள் பாதி இதனால்தான்.